மலைக்குச் சரக்கேற்றும் ஜீப்பில் உள்பலகை அமைப்பதும் ஸ்பீக்கர் பொருத்துவதும்



மலையூர்களுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளும், தாமே வண்டி வைத்துச் சந்தைக்குச் சந்தை போகும் மளிகைக் கடைக்காரர்களும் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நாமக்கல் பகுதியிலிருந்து கொல்லிமலைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு ஏறுகிறது. திரும்பும்போது மிளகும் காப்பிக்கொட்டையும் வாழைத்தாரும் இறங்குகின்றன. தார்ச்சாலை முடிந்த பிறகு மண்பாதையில் போகவேண்டிய குக்கிராமங்களுக்கு நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டிதான் ஏற்றது. அப்படிப்பட்ட வண்டி வாங்கியவுடன் பலரும் செய்வது இரண்டு: பின்புறத்தில் உள்ளே பலகை அடிப்பது, ஸ்பீக்கர் மாட்டுவது. இரண்டையும் அழகுக்கான வேலை என்று எண்ணிக் கையில் கிடைத்தவரிடம் கொடுத்துவிடுகிறோம். உண்மையில் சரக்கின் பாதுகாப்பும் ஓட்டுநரின் உயிரும் வண்டியின் காப்பீடும் இந்த இரண்டு வேலைகளைப் பொறுத்திருக்கின்றன. ஆகவே இதை எப்படிச் செய்யவேண்டும், ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

உள்பலகை எதற்கு?

ஜீப்பின் பின்பகுதி ஆட்கள் உட்காரவே முதலில் வடிவமைக்கப்பட்டது. இரு பக்கமும் சக்கரத்தின் மேல் தகரம் புடைத்துக்கொண்டிருக்கும். சுவர்த் தகரத்தின் உட்புறம் சட்டங்களும் விளிம்புகளும் துருத்திக்கொண்டிருக்கும். மூட்டையை இதில் நேரே அடுக்கினால் சாக்கு கிழியும். பருப்பு சிந்தித் தகரத்தின் இடுக்குகளில் புகும். எண்ணெய் டின் உரசி ஓட்டை விழும். உள்பலகை முதலாவதாக இதைத் தடுக்கிறது. இரண்டாவதாக, அடுக்குவதற்குச் சமமான தரையும் நேரான சுவரும் கிடைக்கின்றன.

மூன்றாவது பயனைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பலகை அடித்துவிட்டதால் சரக்கு இனி நகராது என்று நினைக்கிறார்கள். பலகை மூடத்தான் செய்யும். தாங்குவது வண்டியின் சட்டம்தான். சரக்கைக் கட்டும் வளையங்கள் பலகையைத் துளைத்து அதன் பின்னாலுள்ள இரும்புச் சட்டத்தில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கவேண்டும். பலகையில் ஸ்குரூ போட்டு மாட்டிய வளையம், வண்டி நிற்கும்போது மட்டும்தான் வளையம்.

சரக்கு எவ்வளவு விசையோடு தள்ளும்?

கணக்காகப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். ஐரோப்பிய நாடுகளில் சரக்குக் கட்டுவதற்கான அளவுகோல் ஒன்று உண்டு. கடுமையாக பிரேக் போட்டால் சரக்கு முன்பக்கமாகத் தன் எடையில் 80 சதவீத விசையோடு தள்ளும் என்றும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீத விசையோடு தள்ளும் என்றும் வைத்துக்கொண்டு, அதைத் தாங்குமளவுக்குக் கட்டவேண்டும் என்பது அந்த அளவுகோல். அதன்படி 400 கிலோ சரக்கு ஏற்றிய ஜீப் திடீரென்று நின்றால், 320 கிலோ விசை ஓட்டுநர் இருக்கையின் முதுகின்மேல் விழும். இருக்கையின் முதுகு மனிதர் சாய்வதற்காகச் செய்யப்பட்டது. மூட்டைகளைத் தடுப்பதற்காக அல்ல.

மோதல் நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, மரத்தில் மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கட்டாமல் வைத்த 15 கிலோ எண்ணெய் டின்னை நிறுத்திப்பிடிக்க ஏறக்குறைய 190 கிலோ விசை வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், இருபது அடி உயரத்து மாடியிலிருந்து அந்த டின் ஒருவர் தலைமேல் விழுவதற்கு இது சமம்.

கொல்லிமலைக்கு அடிவாரமான காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஒவ்வொரு வளைவிலும் சரக்கு ஒருமுறை இடப்பக்கம், அடுத்த வளைவில் வலப்பக்கம் என்று சாய்ந்துகொண்டே இருக்கும். முதல் பத்து வளைவில் ஓர் அங்குலம் இடைவெளி விழுந்தால், மேலே போய்ச் சேர்வதற்குள் அது ஒரு சாண் ஆகிவிடும். எனவே மலை வண்டியில் முக்கியமானது இடைவெளி விடாமல் அடுக்குவதும், அடுக்கியதைச் சட்டத்தோடு கட்டுவதும்தான். உள்பலகை இதற்குத் துணை செய்யும் வகையில் அமையவேண்டும்.

எந்தப் பொருளில் செய்வது?

ப்ளைவுட் எளிதில் வெட்டலாம், சத்தம் எழுப்பாது, பழுதானால் எந்த ஊர் ஆசாரியும் மாற்றிக்கொடுப்பார். ஆனால் சாதாரண ரகம் கூடாது. மழைக்காலத்தில் நனைந்த சாக்குகளோடு வாழவேண்டிய பலகை இது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்குவது நல்லது. தரைக்கு 12 மில்லிமீட்டர், பக்கச் சுவருக்கு 9 மில்லிமீட்டர் போதும். வெட்டிய ஓரங்கள்தான் முதலில் தண்ணீர் குடிக்கும். அவற்றுக்கு இரண்டு கை பெயிண்ட்டோ வார்னிஷோ கட்டாயம் அடிக்கவேண்டும். ஸ்குரூத் துளைகளின் உட்புறத்துக்கும் அப்படியே.

தரையில் அலுமினிய செக்கர் பிளேட் போடுபவர்களும் உண்டு. தேயாது, கழுவலாம். ஆனால் இரும்புத் தகரத்தின்மேல் அலுமினியம் நேரே உட்கார்ந்து, நடுவில் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு விரைவாக வரும். உப்பு ஏற்றும் வண்டியில் இது இரட்டிப்பு வேகம். ஆகவே இரண்டுக்கும் நடுவே ரப்பர் விரிப்பு கொடுக்கவேண்டும். உப்பு மூட்டையின் அடியில் எப்போதும் ஒரு தார்ப்பாய் விரித்துப் பழகவேண்டும்.

உட்புறத்துக்கு ஸ்பாஞ்சு, கார்ப்பெட், ரெக்ஸின் ஒட்டச்சொல்லிக் கடைக்காரர்கள் காட்டுவார்கள். சொகுசுக் காருக்கு அது பொருந்தலாம். மளிகை வண்டிக்கு ஆகாது. ஸ்பாஞ்சு எண்ணெயையும் பினாயில் வாடையையும் குடித்துவிடும். பிறகு அந்த வாடை தேயிலைக்கும் காப்பித்தூளுக்கும் ஏறும். தீப்பற்றினால் வேகமாக எரியும். உணவுப் பொருள் ஏற்றும் வண்டி சுத்தம் செய்யத் தக்கதாக இருக்கவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படியும் நம் கடமை. துடைத்தால் சுத்தமாகும் வழவழப்பான பெயிண்ட் போதும்.

அளவெடுப்பதும் பொருத்துவதும்

ஜீப்பின் சுவர் எங்கும் நேராக இராது. டேப் வைத்து அளந்து வெட்டினால் பலகை வீணாகும். இதற்கு நம் கடையிலேயே மருந்து இருக்கிறது. பிஸ்கட், சோப்பு வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, சுவரோடு சேர்த்துப் பிடித்து, கத்திரியால் வெட்டி வெட்டிச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே அதைப் பலகையின்மேல் வைத்துக் கோடு போடவேண்டும். ஓரங்களில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். மண்பாதையில் வண்டியின் கூடு சிறிது முறுகும். இடைவெளி இல்லாத பலகை கிரீச்சிடும், பிறகு விரியும். பலகைக்கும் தகரத்துக்கும் இடையே ரப்பர் பட்டை ஒட்டினால் உரசல் சத்தம் நிற்கும்.

பொருத்துவதற்கு வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளையே முடிந்தவரை பயன்படுத்தவேண்டும். பின் இருக்கை மாட்டிய இடமும் சீட் பெல்ட் மாட்டிய இடமும் தொழிற்சாலையிலேயே பலப்படுத்தப்பட்டவை. புதிய துளை தவிர்க்கமுடியாதது என்றால், அதன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் டிரில்லை எடுக்கக்கூடாது. டீசல் டேங்க், பிரேக் ஆயில் குழாய், ஒயர்க் கட்டு, சைலன்சர் ஆகியவை அங்கேதான் ஓடுகின்றன. புதிய வண்டிகளில் தூண்களுக்குள் ஏர்பேக் ஒயரும் இருக்கலாம். அங்கே கை வைக்கவே கூடாது. துளை போட்டபின் பிசிறை அரம் கொண்டு தேய்த்து, ரெட் ஆக்சைடு தடவி, பிறகே போல்ட் போடவேண்டும். தகரத்தில் நேரே முறுக்கும் ஸ்குரூ மலைப்பாதை அதிர்வில் சில மாதங்களில் கழன்றுவிடும். 8 மில்லிமீட்டர் போல்ட், அகலமான வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த நட் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பிடிப்பு நிற்கும்.

தரையில் நான்கு மூலைகளிலும் நடுவில் இரு பக்கமும் ஆக ஆறு வளையங்கள் வைத்தால் ராட்செட் பெல்ட்டைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு இறுக்கலாம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு ஒன்று, தரையோடும் பக்கத் தூண்களோடும் போல்ட்டில் இணைத்து நிறுத்தவேண்டும். மற்றதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யக்கூடாது.

பலகைகள் கழற்றக்கூடியவையாக இருக்கவேண்டும் என்பது மளிகைக்காரர்களுக்கான தனி விதி. பக்கப் பலகையின் பின்னால் உள்ள வெற்றிடத்தில் சிந்திய தானியம் சேரும். அதில் வண்டு பிடிக்கும். வண்டைவிட முன்னதாக எலி வரும். எலி ஒயரைக் கடிக்கும். நான்கைந்து போல்ட்டைக் கழற்றினால் பலகை கையோடு வரவேண்டும். மாதம் ஒருமுறை கழற்றிக் கூட்டித் துடைக்கவேண்டும்.

எடையைக் கணக்கில் வையுங்கள்

நான்கடிக்கு நான்கடி தரைப்பலகை ஏறக்குறைய 12 கிலோ. இரு பக்கப் பலகைகள் சேர்ந்து அதே அளவு. குழாய்த் தடுப்பு 12 முதல் 15 கிலோ. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒயர், போல்ட் எல்லாம் சேர்ந்து 10 கிலோ. ஆக மொத்தம் 50 கிலோவுக்குப் பக்கம். அதாவது ஒவ்வொரு நடையிலும் ஒரு மூட்டை சர்க்கரை ஏற்றுவது போலத்தான். வண்டியின் மொத்த எடை வரம்பில் இதைக் கழித்துக்கொண்டு பிறகே சரக்கு ஏற்றவேண்டும். தடித்த பலகையும் இரட்டைத் தரையும் போட்டு 100 கிலோ ஆக்கிவிட்டால், வருடம் முழுவதும் பலகையைத்தான் டீசல் செலவு செய்து மலையேற்றிக்கொண்டிருப்போம்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். கனமான மூட்டைகள் தரையிலும், பின் அச்சுக்கு முன்னாலும் இருக்கவேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் சேர்ந்தால் முன்சக்கரங்கள் இலேசாகும். ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிப்பு குறையும். மேல்தளத்தில் ஏற்றிய பாரம் வளைவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். அப்பளம், நூடுல்ஸ், பிஸ்கட் போன்ற இலேசான பெட்டிகளை மட்டும் மேல் அடுக்கில் வைக்கலாம்.

ஸ்பீக்கர் இரண்டு வகை

வண்டிக்குள் பாட்டுக் கேட்க வைப்பது ஒன்று; சந்தையில் விலை சொல்லிக் கூப்பிட வைக்கும் குழாய் ஸ்பீக்கர் மற்றொன்று. இரண்டின் தேவையும் வேறு.

உள்ளே வைக்கும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டு பக்கத்து ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கனத்த ஒலி காணாமல் போகும். ஆகவே ஸ்பீக்கரைச் சுற்றி இடுக்கில்லாமல் பலகை மூடியிருக்கவேண்டும். 6 மில்லிமீட்டர் பலகையில் மாட்டினால் பலகையே சேர்ந்து பாடும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் வளையம் வெட்டி, அதைப் பக்கப் பலகையின் பின்னால் இறுக்கி, அதில் ஸ்பீக்கரைப் போல்ட்டில் மாட்டினால் சத்தம் சுத்தமாக வரும். காந்தத்தின் பாரத்தையும் தாங்கும். துளை வெட்டுமுன் ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்து, காந்தம் தகரத்திலோ சக்கர மூடியிலோ இடிக்காது என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். முன்னால் இரும்பு வலை அவசியம். மூட்டையின் முனை ஒருமுறை பட்டால் காகிதம் கிழிந்துவிடும். மைதா, மிளகாய்த்தூள் தூசி உள்ளே புகாதபடி வலையின் பின்னால் மெல்லிய துணி வைக்கவேண்டும்.

பெட்டி ஸ்பீக்கரை அப்படியே மூட்டைகளின்மேல் வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். முன்பு சொன்ன எண்ணெய் டின் கணக்கு இதற்கும் பொருந்தும். ஸ்பீக்கரும் சரக்குதான்; கட்டித்தான் வைக்கவேண்டும்.

குழாய் ஸ்பீக்கரைத் தகரத்தில் மாட்டாமல், இரும்புப் பட்டை கொண்டு சட்டத்திலோ மேல் கேரியரின் குழாயிலோ மாட்டவேண்டும். மரக்கிளைகள் தாழ்ந்த பாதையில் வண்டியின் உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. வாய் சற்றுக் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தங்காது.

மின் இணைப்பு

50 வாட் ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும்போது, சேதாரத்தையும் சேர்த்து 6 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் போடவேண்டும். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் இருந்தால் பயனில்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். வழியில் எங்கேனும் ஒயர் உரசித் தகரத்தில் பட்டால், ஃபியூஸ்தான் தீயைத் தடுக்கும். தகரத்தைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் கட்டாயம். பலகைக்குப் பின்னால் ஒயர் பிளாஸ்டிக் குழாய்க்குள் போகட்டும். எலிக்கும் உரசலுக்கும் அது காப்பு. தீப்பெட்டி, சூடம், பினாயில் ஏற்றும் வண்டியில் ஒயர் வேலையை அரைகுறையாக விடலாகாது.

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டு இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபயர் 8 ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருந்தால் அது புகைந்துவிடும். வாங்குமுன் இரண்டின் பின்புறச் சீட்டையும் படித்துப் பார்க்கவேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு 4 மணி நேரம் பேசினால், 6 ஆம்பியர் கணக்கில் 24 ஆம்பியர்-அவர் போய்விடும். 70 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மூன்றில் ஒரு பங்கு காலி. மலைமேல் சாயங்காலம் வண்டி கிளம்பாமல் நிற்பதற்கு இதுவே காரணம். நடுநடுவே எஞ்சினை ஓடவிடவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019-இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கழற்றி எடுக்கக்கூடிய உள்பலகை ஒன்று. இருக்கையை நீக்குவது, கூட்டை வெட்டுவது, மேல்தளத்தை உயர்த்துவது வேறொன்று. இருக்கை குறைந்தால் ஆர்.சி. விவரமே மாறுகிறது. அப்படியானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே தொடவேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சரக்கேற்றுவதற்காகக் கட்டப்படாத வண்டியும் சரக்கேற்றப் பயன்படும்போது சரக்கு வண்டியாகவே கருதப்படும் என்று அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளைப் பலகையில் பதிந்த ஜீப்பில் தினமும் வியாபாரச் சரக்கு ஏற்றினால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். தொடர்ந்து சரக்குத்தான் என்றால் சரக்கு வண்டியாகப் பதிந்த பிக்கப் அல்லது கேம்பர் வகையை வாங்குவதே மேல். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 66-ஆம் பிரிவு விலக்கும் அளித்திருக்கிறது. எந்த வண்டியானாலும் உள்ளே செய்த வேலைகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் மூலம் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொருந்தும். எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடாது. அமைதிப் பகுதியாக உள்ள மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் பயன்படுத்தக்கூடாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது

பட்டறையில் பணம் எண்ணிக் கொடுக்குமுன் ஐந்து காரியங்களைச் சோதித்துப் பாருங்கள்.

1. ஒவ்வொரு வளையத்தையும் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பலகை நெளிந்தால் போல்ட் சட்டத்தில் இல்லை என்று பொருள்.

2. எல்லாப் பலகைகளையும் ஒருமுறை கழற்றி மாட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

3. ஃபியூஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அதைக் கழற்றினால் ஸ்பீக்கர் உடனே நிற்கவேண்டும்.

4. வெறும் வண்டியை எடைமேடையில் நிறுத்தி, புதிய எடையைக் குறித்து ஓட்டுநரிடம் கொடுங்கள்.

5. பாதிச் சரக்கோடு மலைக்கு ஒரு நடை போய்வந்து, எல்லா நட்டுகளையும் திரும்ப ஒருமுறை இறுக்குங்கள். முதல் நடையில் தளராத நட் குறைவு.

வேலையைச் செய்பவர் பட்டறைக்காரராக இருந்தாலும், எங்கே என்ன ஏற்றுவோம், எந்தப் பாதையில் போவோம் என்பது நமக்குத்தான் தெரியும். அதை அவரிடம் முதலிலேயே விளக்கிச் சொல்லி, வளையம் எங்கே வேண்டும், தடுப்பு எங்கே வேண்டும் என்று சாக்பீசால் குறித்துக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.